அட்டையில் இல்லாத சொல்

நேற்றுப் படம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நீங்கள் மூன்று பேரும் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டீர்கள். சுகந்திதான் தொடங்கினாள்.

"அக்கா, நீங்கள் சிட்னிக்குப் போக முன்னம் அந்த ஊமைப் போர்ப்படத்தை இன்னொருக்காப் போடுவம். மைக்கில நீங்கள்தான் நிக்கவேணும்."

"ஓம் அக்கா. எங்கட அம்மா இப்பவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறா. ஊமைப் படத்துக்கு விசிலடிச்ச சனம் உலகத்திலேயே நாங்கள்தானாம்!"

நான் தேநீர் வாளி கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் ஓடிவிட்டேன். கழுவி வைத்திருந்த வாளியை இன்னொரு தரம் கழுவினேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

படக்காட்சிப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெறுகிறேன் என்று நான் சொன்னபோதும் சிரித்தீர்கள். முப்பது வயதுகூட ஆகாதவள் ஓய்வு என்று பேசினால் சிரிப்பு வரும்தான். ஆனால் மெல்பேர்ன் நோபல் பார்க்கில் இந்தத் தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து மாதம் ஒரு தமிழ்ப் படம் போடத் தொடங்கிய நாளிலிருந்து இதில் நிற்கிறேன். இனி நீங்கள். சுருளைக் கோப்பது, பல்ப் மாற்றுவது, அறுந்தால் ஒட்டுவது எல்லாம் மெஷின் ஓட்டும் ரவி காட்டித் தருவான். மெஷினோடு என்னைவிட அவனுக்குப் பொறுமை அதிகம். சனம் கையை விட்டுப் போனால் என்ன செய்வது என்று நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சனம் கைக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் விழுந்தது அங்கேதான்.

பகலில் எனக்குப் படச்சுருள் இரவல் கொடுக்கும் நூலகம் ஒன்றில் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். திரும்பி வரும் சுருள்களைச் சோதிக்கும் மேசையில் இருந்து இருந்துதான் எனக்கு ஊமைப் படப் பைத்தியம் பிடித்தது. அதிலும் முதல் உலகப் போர் முடிந்த கையோடு போருக்கு எதிராக எடுத்த படங்கள் என்றால் சாப்பாடு வேண்டாம். ஏன் என்று கேட்டால் பாதி ராத்திரி வரை பேசுவேன் என்று பயந்து ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் தப்ப முடியாது, கேளுங்கள். அந்தப் படங்களில் நிறமில்லை. சேறு அப்பிவிட்டால் இரண்டு பக்கத்து உடுப்பும் ஒரே சாம்பல். சத்தமும் இல்லை. சாகிறவன் வாயைத் திறந்து யாரையோ கூப்பிடுகிறான். எந்த மொழியில் கூப்பிடுகிறான் என்று தெரியாது. மொழி தெரியாவிட்டால் அவன் எங்கள் ஆளா, மற்றவர்களின் ஆளா என்று எப்படிச் சொல்வீர்கள்? பேசும் படம் வந்தபோது இந்த ஒரு நல்ல காரியம் போய்விட்டது என்று நான் மேடை கிடைக்கும் இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லித் திரிந்தவள் நான்தான்.

பல்கலைக்கழகத் திரைப்படக் கழகத்தில் ஊமைப் படங்களுக்குப் பியானோ வாசிக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மையாரை அப்படித் திரிந்தபோதுதான் பிடித்தேன். பேர் வேண்டாம், எங்கள் சனம் அவரைப் பியானோ அன்ரி என்றே சொல்லிப் பழகிவிட்டது. இளம் பெண்ணாக மெல்பேர்னில் ஒரு தியேட்டரில் ஊமைப் படங்களுக்கு வாசித்தவர். பேசும் படம் வந்து வேலை போனது. கை மட்டும் போகவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார், விரல்களைப் பார்க்கவே மாட்டார்.

ஒரு நாள் அவருடைய வீட்டில் தேநீருக்குக் கூப்பிட்டார். கட்டிலுக்கடியிலிருந்து மூன்று தகரப் பெட்டிகளை இழுத்தார். முப்பதுகளில் ஏதோ ஒரு சமாதானக் குழு தேவாலயங்களில் காட்டுவதற்கென்று எடுப்பித்த சிறிய அளவுப் பிரதி. அடுத்த போர் வந்ததும் குழு கலைந்துபோக, பெட்டிகள் அவரிடம் தங்கிவிட்டன.

"இந்தப் படத்துக்கு நான் தியேட்டரில் வாசித்திருக்கிறேன்," என்றார். "கடைசிப் பகுதிக்கு மட்டும் இல்லை. ஊரில் பெரிய மனிதர்கள் சிலர் வந்து முதலாளியோடு பேசினார்கள். இப்படி ஒரு முடிவைக் காட்டினால் போரில் பிள்ளைகளைக் கொடுத்தவர்களுக்கு அவமானம் என்றார்கள். முதலாளி கடைசிப் பத்து நிமிடத்தை வெட்டிவிட்டு ஒரு வெற்றி ஊர்வலத்தை ஒட்டினார். நான் அதற்கு மார்ச் வாசித்தேன்."

"பிறகு?"

"பிறகு என்ன? அந்தப் பத்து நிமிடத்துக்கு என் விரலில் இசை இருக்கிறது. வீட்டில் வாசிக்கிறேன். ஒரு மண்டபத்தில், சனத்துக்கு முன்னால், இன்னும் வாசிக்கவில்லை. எனக்கு எத்தனை வயது என்று நினைக்கிறாய்?"

இவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. திரைப்படக் கழகத்தில் கேட்டிருக்கிறார். பேர் தெரியாத படம், யார் வருவார்கள் என்று தள்ளிப் போட்டிருக்கிறார்கள். நான் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை, சொல்லிவிட்டேன்:

"எங்கட மண்டபத்தில் போடுவம். நிரப்பித் தருவேன்."

எங்கள் சங்கச் செயலாளர் அண்ணையிடம் நான் எப்படிச் சம்மதம் வாங்கினேன் என்பது தனிக் கதை.

"ஊமைப் படமோ? சனம் என்னைக் கொல்லும் பிள்ளை."

"அண்ணை, அந்தக் காலத்தில திரைக்குப் பக்கத்தில ஒருத்தர் நிண்டு கதை சொல்லுவினமாம். நான் நிண்டு தமிழில சொல்லுறன்."

"உன்ர வாயை நம்பி மண்டபம் எடுக்கலாம், அது ஓம்தான்," என்றார். பள்ளிக்கூடத்தில் விவாதப் போட்டிகளில் என் வாயைக் கேட்டவர் அவர்.

ஊமைப் படத்தில் பேச்சு எழுத்தாக வரும். ஆட்கள் வாயசைப்பார்கள், பிறகு கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து. அந்த ஆங்கில அட்டைகளை வாசிக்க முடியாத அம்மாமாருக்காக நான் தமிழில் வாசிப்பது என்று ஏற்பாடு. ஒத்திகைக்கு வந்த அன்ரி எனக்கு ஒரே ஒரு விதி சொன்னார்: அட்டையில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும். அட்டைக்கும் அட்டைக்கும் நடுவில் வாய் மூடியிருக்க வேண்டும். "நடுவில் உள்ள இடம் அவர்களுடையது," என்று வெறும் கதிரைகளைக் காட்டினார்.

அந்த ஒத்திகையில்தான் ரவி தவறுதலாகப் பேசும் படத்தின் வேகத்தில் சுருளை ஓட்டினான். இந்தப் படங்கள் மெதுவாக ஓட வேண்டியவை. வேகமாக ஓட்டியதும் படைவீரர்கள் எறும்பு மாதிரிக் குடுகுடுவென்று ஓடி, குடுகுடுவென்று விழுந்து செத்தார்கள். ரவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும்தான். அன்ரி எழுந்து வந்து மெஷினில் இருந்த விசையைத் தட்டினார். திரையில் ஒருவன் ஓடிக்கொண்டிருந்த ஓட்டம் அப்படியே மனித ஓட்டமாக மாறியது. எங்கள் சிரிப்பு நின்றது. அவர் திரும்பிப் போய்ப் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்தார். வேகம் ஒன்று மாறினால் ஒரு சாவு பகிடியாகிவிடும் என்று அன்றைக்குக் கண்ணால் கண்டேன். குரல் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஏன் யோசிக்கவில்லை?

படக்கதை சின்னது. ஒரு ஆறு, இரண்டு கரை, இரண்டு கிராமம். இந்தக் கரையில் மாவரைக்கும் ஆலைக்காரனின் மகன். அந்தக் கரையில் தோணிக்காரனின் மகன். சின்னனிலிருந்து ஒன்றாய் மீன் பிடித்தவர்கள். போர் வர, ஆறு எல்லையாகிவிடுகிறது. ஒரு நாள் ஆலைக்காரனின் வீட்டில் குண்டு விழுந்து எரிகிறது. மகனின் தாய் உள்ளே. அந்த இடத்து அட்டையில் மூன்றே சொல்: ஒரு குண்டு விழுந்தது. எந்தப் பக்கத்துக் குண்டு என்று படம் சொல்லவே சொல்லாது. மகன் படையில் சேர்கிறான். கடைசிப் பத்து நிமிடத்தில், குண்டு தோண்டிய ஒரு பள்ளத்துக்குள், அவன் துப்பாக்கி முனைக் கத்தியோடு குதிக்கிறான். கீழே சேற்றில் காயப்பட்டவன் ஒருவன்.

இதை நாங்கள் போட்டது எழுபத்தெட்டில். எழுபத்தேழு ஆகஸ்டுக் கலவரத்தில் ஊரில் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் மண்டபத்தில் இருந்த முக்கால்வாசிப் பேரின் சொந்தத்தில் யாரோ ஒருவர் வீட்டையோ கடையையோ விட்டுவிட்டு உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறியிருந்தார். முன்வரிசையில் இருந்த கந்தையா அங்கிளுக்குக் கொழும்பில் மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. இருந்தது, எரிந்தது. மகளிடம் இங்கே வந்து சேர்ந்தவர். சத்தமாகப் பேசியே நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் சின்னத் திருப்புளி ஒன்று வைத்திருப்பார். இடைவேளையில் யாருடைய கண்ணாடி தளர்ந்திருந்தாலும் கேட்டு வாங்கி முறுக்கிக் கொடுப்பார். அன்றைக்கும் படம் தொடங்க முன்னம் அன்ரியின் கண்ணாடி மூக்கில் வழுக்குவதைப் பார்த்து, மேடையேறிப் போய்ச் சரிசெய்து கொடுத்தார். இருவரும் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்ததை நான் மைக்குக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முதல் சுருளில் விதியைக் காப்பாற்றினேன். சனம் என்னைக் காப்பாற்றவில்லை.

"சவுண்டைப் போடுங்கோ!" என்று பின்னாலிருந்து ஒருவர்.

"படம் ஊமையோ, மெஷின் ஊமையோ?" என்று இன்னொருவர். கொல்லென்று சிரிப்பு.

"ரவித் தம்பி, பாட்டு எத்தனையாம்?"

ஆறு ஓடுகிறது, இரண்டு பையன்கள் மீன் பிடிக்கிறார்கள், பியானோ மெல்லப் போகிறது. பின்வரிசையில் கதிரைகள் இழுபடுகின்றன. ஒவ்வொருவராக எழும்பித் தேநீர் மேசைப் பக்கம் போகிறார்கள். ரோல்ஸ் பலகாரத் தட்டு திறக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. செயலாளர் அண்ணை ஓரத்தில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், சுருக்கு என்று. நான் அன்ரியின் முதுகைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் காலியாகும் மண்டபத்தின் சத்தம் தெரியாமலா இருக்கும்? இப்படியே போனால் கடைசிப் பத்து நிமிடத்துக்கு நானும் ரவியும் கந்தையா அங்கிளும்தான் மிச்சம். நிரப்பித் தருவேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். சனத்தை உட்கார வைக்க வேண்டும். வேறொன்றும் என் மண்டைக்குள் இல்லை. ஒரு நல்ல காரணம் கையிலிருந்தால் மனிசர் எவ்வளவு வேகமாக ஓடுவார்கள் என்று அன்றைக்கு அறிந்தேன்.

முதலில் சின்னதாகத்தான். ஆலைக்காரனின் மகனுடைய தாய்க்கு ஒரு பேர் வைத்தேன். அவள் மகனுக்குச் சோறு போடும்போது எங்கள் வீட்டுத் தாய் மாதிரிப் பேசினேன். சிரித்தார்கள். தேநீரோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு ருசி பிடித்துவிட்டது. இரண்டாம் சுருளில் வீடு எரிந்தது. அட்டை வந்தது. ஒரு குண்டு விழுந்தது என்று வாசித்தேன். வாசித்துவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். திரையில் கூரை இறங்குகிறது, மகன் ஓடி வருகிறான், மண்டபம் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறது, அந்த மூச்சு என் கையில் இருக்கிறது. நான் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சொன்னேன்:

"அவங்கள்! அவங்கள்தான் கொளுத்தினவங்கள்!"

அவங்கள் என்றால் யார் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. மண்டபத்தில் யாரும் ஆற்றங்கரைக் கிராமத்தை நினைக்கவில்லை. ஒரு அம்மா வாய்விட்டு அழுதார். பின்னாலிருந்து ஒருவர் கதிரையின் முதுகில் ஓங்கி அடித்தார். அதற்குப் பிறகு நான் அட்டைகளைப் பார்த்ததாகவே நினைவில்லை. மகன் படையில் சேரும் இடத்தில் அட்டை, அவன் போனான் என்று மட்டும் சொல்லும். நான் அவனுக்குச் சபதம் எழுதிக் கொடுத்தேன். விவாத மேடையில் நான் கோப்பை வென்ற குரல் அது. விசில் பறந்தது. நடுவில் உள்ள இடமெல்லாம் என்னுடையதாகிவிட்டது.

சுருள் மாற்ற விளக்குப் போட்டான் ரவி. ஒரு கதிரை காலியில்லை. சுவரோரம் நின்றார்கள். அன்ரி திரும்பினார், முகம் சிவந்து, கண் மின்னியது.

"இவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்!" என்றார். "என் கையை இழுத்துக்கொண்டு போகிறார்கள். நான் ஒரு இடத்தில் என்னை அறியாமல் மார்ச் வாசித்துவிட்டேன், கவனித்தாயா? அங்கே மார்ச் வரக்கூடாது." பிறகு சற்று யோசித்து, "நீ அட்டையைவிட நிறைய நேரம் பேசுகிறாயே?" என்று கேட்டார்.

"தமிழில் சொற்கள் கொஞ்சம் நீளம்," என்றேன்.

"ஓ," என்றார். நம்பினார். என் மொழியைச் சாட்டி ஒரு கிழவியை ஏமாற்றினேன். பிறகு நடந்ததை எல்லாம் அவசரம், ஆவேசம் என்று சொல்லலாம். இதை நான் நிதானமாக, விளக்கு வெளிச்சத்தில் செய்தேன்.

பிள்ளைகளே, அந்த ஐந்து நிமிடம்தான் உங்களுக்கு நான் காட்ட விரும்பும் இடம். விளக்கு எரிகிறது. மைக் கையில் இருக்கிறது. "மன்னிக்கவேணும், அட்டையில் இல்லாததைச் சொல்லிவிட்டேன், குண்டு யார் போட்டதென்று படத்தில் இல்லை" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சிலர் எழும்பிப் போயிருப்பார்கள். நான் தண்ணீர் குடித்தேன். செயலாளர் அண்ணை வந்து, "கலக்கிறாய் பிள்ளை," என்று முதுகில் தட்டினார். அது எனக்கு இனித்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் சுருள். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். இனி வாய் திறக்க மாட்டேன், கடைசிப் பத்து நிமிடத்தை அன்ரியிடம் விட்டுவிடுவேன், மிச்சத்தைப் படம் பார்த்துக்கொள்ளும். கொளுத்திவிட்டு விலகி நிற்பதை நான் கட்டுப்பாடு என்று நினைத்தேன்.

பள்ளம் வந்தது. பியானோவில் நான் அதுவரை கேட்டிராத ஒன்று தொடங்கியது. இரண்டு கையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நடப்பது மாதிரி. அந்தப் பத்து நிமிடம் அதுதான். இத்தனை வருடம் வீட்டில் தனியே வாசித்தது. ஆலைக்காரனின் மகன் பள்ளத்துக்குள் குதித்தான். கத்தியை ஓங்கினான். கீழே கிடந்தவன் ஒரு கையைத் தூக்கினான், வாயைத் திறந்தான்.

"குத்து!"

முன்வரிசையிலிருந்து வந்தது. கந்தையா அங்கிள் எழுந்து நின்றார். "குத்தடா அவனை! விடாதை, குத்து!"

பிறகு பின்னாலும் பக்கத்திலும் எல்லாக் குரலும். குத்து, குத்து என்று கைதட்டி. அன்ரியின் கைகள் பியானோக் கட்டைகளிலிருந்து எழும்பின. அப்படியே அந்தரத்தில் நின்றன. பியானோ நின்றதை மண்டபத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. திரையில் அவன் கத்தியைச் சேற்றில் எறிந்துவிட்டு மண்டியிட்டான், கீழே கிடந்தவனின் முகத்துச் சேற்றைத் துடைத்தான், தோணிக்காரனின் மகனை அடையாளம் கண்டான், தண்ணீர்க் குடுவையைத் திறந்தான்.

"என்னடா இவன், விசரன்!"

"கதையைக் கெடுத்துப் போட்டான்!"

சிரித்தார்கள். கடைசி அட்டை வந்தது. குடி, இன்னும் இருக்கிறது. அதை நான் வாசித்தேன். சுத்தமாக, ஒரு சொல் கூட்டாமல் வாசித்தேன். அந்தச் சிரிப்புக்குள் என் காதுக்கே அது கேட்கவில்லை. விளக்கு வந்ததும் பெரிய கைதட்டல். உங்கள் அம்மாமார் சொல்லும் கைதட்டல் அதுதான். அது எனக்கு விழுந்தது. படத்துக்கு இல்லை.

அன்ரி பியானோ மூடியை மெல்ல இறக்கினார். நான் பக்கத்தில் போகப் பயந்து மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வயரைச் சுற்ற எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்று பரீட்சை வைத்தால் எனக்கு முதற் பரிசு. அப்போது கந்தையா அங்கிள் இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் வந்தார். அன்ரி வாங்கிக்கொண்டு கேட்டார்:

"அந்த இடத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

நான் நடுவில் பாய்ந்து ஏதாவது சொல்லியிருப்பேன். நிறுத்து என்று கத்தினார்கள் என்றுகூடச் சொல்லத் துணிந்திருப்பேன். அவ்வளவு கெட்டிருந்தது என் வாய். ஆனால் அங்கிள் முந்திவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"குத்து என்று சொன்னேன்," என்றார் ஆங்கிலத்தில். "என்னுடைய கடையை எரித்தார்கள்... இந்தப் பிள்ளை சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஆட்களின் முகம் தெரிந்தது. மன்னிக்க வேணும். உங்களுடைய படத்தில் அப்படி..."

அன்ரி என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்.

"உட்காருங்கள்," என்றார். "என் அண்ணனின் கப்பல் முதல் போருக்குப் புறப்பட்டபோது நான் துறைமுகத்தில் நின்றேன். எல்லோரும் கத்தினோம். ஒருத்தனையும் விடாதே, குத்திப் போடு என்று நான் கத்தினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குக் கேட்டது. என்னிடமிருந்து அவர் கேட்ட கடைசிச் சொல் அதுதான்."

அங்கிள் கதிரையில் உட்கார்ந்தார். அன்ரி தன் கோப்பையை அவரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணனை யாரோ ஒருவன் குத்தினான். அவனுக்கும் கத்துவதற்கு ஒரு தங்கை இருந்திருப்பாள்."

நான் அவர்களிலிருந்து நாலடி தூரத்தில் வயரோடு நின்றேன். அந்த இரண்டு பேரும் கத்தினார்கள் என்றால் அதற்கு ஒரு கப்பலும் ஒரு கடையும் இருந்தன. என்னுடைய வீட்டை யாரும் எரிக்கவில்லை. என் அண்ணன் தண்டெனோங்கில் கார் திருத்துகிறார், ஞாயிறு ஞாயிறு என் வீட்டில் சாப்பிடுகிறார். எனக்கு இருந்தது ஒரு மைக். கூடவே, கதிரை காலியாகக் கூடாதென்ற அவசரம். இரண்டு பேருடைய புண்ணையும் நான் விசிலுக்குப் பாவித்தேன்.

அடுத்த கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். நிறையப் பேசினேன், எனக்கு அதுதானே வரும். அன்ரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொரு தரம் போடுவோமா?" என்றார்.

"எங்கட மண்டபத்திலா?"

"அதே மண்டபம். அதே ஆட்கள். வாசிப்பது மட்டும் நீ இல்லை. அந்தக் கண்ணாடிக்காரர் வாசிக்கட்டும்."

அது நடந்தது. அதைப் பற்றி உங்கள் அம்மாமார் சொல்வதில்லை, ஏனென்றால் சொல்ல ஒன்றுமில்லை. பாதிக் கதிரைகூட நிரம்பவில்லை. முதல் சுருளிலேயே பலர் எழும்பினார்கள், "இந்த முறை அந்தப் பிள்ளை பேசேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கந்தையா அங்கிள் மைக்கை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, திரையோரம் நின்று, சொந்தக் குரலில், அட்டையில் உள்ளதை மட்டும் வாசித்தார். நான் ரவிக்குப் பக்கத்தில் மெஷினடியில் நின்றேன்.

வீடு எரியும் இடம் வந்தது. அவர் அட்டையைப் பார்த்தார். வாய் திறந்தார், மூடினார். அன்ரி ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார். அட்டை போய்த் திரையில் நெருப்பு வந்துவிட்டது. அப்போதுதான் சொன்னார்:

"ஒரு குண்டு விழுந்தது."

அவ்வளவுதான். பியானோ நகர்ந்தது. கடைசிப் பத்து நிமிடத்தை அன்ரி, நிரம்பாத மண்டபத்தில், முழுதாக வாசித்து முடித்தார். யாரும் கத்தவில்லை. கைதட்டவுமில்லை. மிச்சமிருந்தவர்கள் கொஞ்ச நேரம் எழும்பாமல் இருந்தார்கள். பிறகு கதிரையை மடக்கினார்கள்.

பெட்டிகள் மூன்றும் இப்போது எங்கள் அலமாரியில், மேல் தட்டில் இருக்கின்றன. அன்ரி சம்மதித்தால் நீங்கள் போடலாம். கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அங்கிளும் வாசிப்பார். ஆனால் சுகந்தி, என்னை மைக்கில் நிற்கச் சொல்லாதே. நான் திருந்திவிட்டேன் என்று நீ நினைக்கலாம். அந்த இரண்டாம் காட்சியில், அங்கிள் வாய் திறந்து மூடிய நேரத்தில், இருட்டில் மெஷினடியில் நின்ற எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மண்டபம் வெறுமையாய்க் கிடக்கிறதே, அந்த ஒரு சொல்லைப் போட்டால் எல்லோரும் திரும்பி வருவார்களே என்று. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ரவி திரும்பிப் பார்த்து, "என்னக்கா, வயித்தைப் பிரட்டுதோ, சத்தி வருதோ?" என்று கேட்டான்.

ஓம் என்றேன்.